மழை நாளும் வெயில் நாளும்: விராலிமலைக் கடைக்காரர் வானிலையைக் கணக்கில் எடுப்பது எப்படி?

மழை பெய்த நாளின் இரவில் கல்லாவை எண்ணும் கடைக்காரர், தொகை குறைந்திருப்பதைக் கண்டதும் "மழையில வியாபாரம் போச்சு" என்கிறார். அந்தச் சொல்லை அப்படியே நம்பினால் அடுத்து எடுக்கும் முடிவுகள் பலவும் பிசகும். அன்று வராதவர்களில் ஒரு பகுதியினர் நாளையோ மறுநாளோ வந்துவிடுவார்கள். இன்னொரு பகுதியினர் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்ததை வாங்கிக்கொண்டிருப்பார்கள். வாங்க நினைத்ததை வாங்காமலேயே விட்டவர்கள் இவ்விரு பகுதியினரை விடக் குறைவாகத்தான் இருப்பார்கள். ஒருவர் பொருள் வாங்குவாரா மாட்டாரா என்பதை வானிலை அபூர்வமாகத்தான் முடிவு செய்கிறது. எந்த நேரத்தில், எந்தக் கடையில், எந்தப் பொருளை என்பதைத்தான் அது மாற்றிப் போடுகிறது. திருச்சிக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் நடுவே நிற்கும் விராலிமலைக் கடைக்கு இந்த மாற்றத்தில் இழப்பும் உண்டு, வரவும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி, பார்த்தபின் கடையில் என்ன செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

வானிலையையும் கடை வியாபாரத்தையும் சேர்த்து ஆராய்வது புதிதல்ல. அமெரிக்காவின் டெ மாயின் நகரத்துப் பெரிய கடை ஒன்றின் ஈஸ்டர் கால விற்பனையை ஸ்டீல் என்ற ஆய்வாளர் 1951-இல் ஆராய்ந்து எழுதினார். வெளியே வருவதே சிரமமாகிவிடுகிறது, சில நாட்களில் வர வழியே இல்லாமல் போகிறது, மனநிலை மாறுகிறது, சில பொருள்கள் மீது மட்டும் விருப்பம் கூடிக் குறைகிறது என்று நான்கு காரணங்களை அவர் சொன்னார். இன்றைக்கும் அந்த நான்குக்குள் அடங்காத காரணம் ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். கனடாவில் தேயிலை விற்கும் கடை ஒன்றின் அன்றாட விற்பனையை வைத்து 2010-இல் வெளியான ஆய்வு, சூரிய ஒளி கூடும்போது மனச்சோர்வு குறைந்து மக்கள் அதிகம் செலவு செய்கிறார்கள் என்றது. வியாபார ஆலோசனை சொல்பவர்கள் இந்த முடிவை எடுத்துக்கொண்டு, வெயில் அடித்தால் விற்பனை உயரும் என்று பொதுவிதி போலப் பேசுகிறார்கள். மாதக்கணக்கில் பனியில் அடைந்து கிடக்கும் ஊருக்கு அது உண்மை. மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு விராலிமலைக் கடைவீதியைப் பார்த்தவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். இங்கே நல்ல வியாபார நாள் என்பது மேகம் மூடியிருந்தும் மழை விழாத நாள். காரணங்கள் எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்கலாம். அவை கூட்டுகின்றனவா குறைக்கின்றனவா என்பது ஊருக்கு ஊர் வேறு. அதனால் வேறு நாட்டு முடிவை இரவல் வாங்காமல் சொந்தக் கடையின் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் வெயில். மார்ச் கடைசியில் தொடங்கி ஜூன் வரை நீளும் கோடையில், அதிலும் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை போகும் கத்திரியில், இந்தப் பாறை நிலத்தின் சூடு பகலை இரண்டாகப் பிளக்கிறது. காலை பத்தரை மணிக்குள் ஒரு வியாபாரம், மாலை ஐந்தரைக்கு மேல் இன்னொன்று. நடுவில் வருபவர் தேவையால் வருபவர். மருந்து வாங்க, மோட்டாருக்கு ஒரு உதிரிப்பாகம் வாங்க, பேருந்துக்குக் காத்திருக்கும்போது குளிர்ச்சியாக எதையாவது குடிக்க வருகிறார். ஆகவே மதியம் கடையை மூடலாமா என்ற கேள்விக்கு எல்லாக் கடைக்கும் ஒரே பதில் கிடையாது. மருந்துக்கடையும் குளிர்பானக் கடையும் மதியம் மூடினால் உண்மையான இழப்பு. ஜவுளிக்கடையும் பாத்திரக்கடையும் இரண்டு மணி நேரம் ஓய்ந்துவிட்டு இரவு ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருந்தால் இழப்பதற்கு ஏதுமில்லை. மதியம் மூடியிருந்தால் வாடிக்கையாளர் பழக்கம் விட்டுப்போகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். திறப்பு நேரம் நாளுக்கு நாள் மாறினால் அந்த அச்சம் நியாயமே. பங்குனி முதல் ஆனி வரை இதுதான் நேரம் என்று பலகையில் எழுதி வைத்து அதை மீறாமல் இருந்தால் நான்கு மாதத்தில் ஊரே அதற்குப் பழகிவிடும்.

கடை பார்த்திருக்கும் திசையை வெயில் கணக்கில் பலரும் சேர்ப்பதில்லை. மேற்குப் பார்த்த கடைக்குள் சாயங்கால வெயில் நான்கு மணிக்கு மேல் நேராக நுழைகிறது. கோடையில் வாடிக்கையாளர் வரத் தொடங்கும் ஐந்தரை மணிக்கும் அது ஓய்வதில்லை. முன்னால் ஐந்தடி சாய்ப்போ பச்சை நிழல்வலையோ கட்டிய கடைக்கு அந்த ஒரு மணி நேர வியாபாரம் கிடைக்கும். கட்டாத கடையை விட்டு ஆள் எதிர்ச்சாரி நிழலுக்குப் போய்விடுவார். தொங்கவிட்ட துணி வெளுப்பது, சாக்லேட் உருகுவது, மெழுகுவத்தி வளைவது ஆகியவற்றால் வரும் நட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் சாய்ப்புக்குப் போட்ட பணம் வெகு விரைவில் திரும்பிவிடும். ஒரு பானைத் தண்ணீரும் இரண்டு நாற்காலியும் இன்னும் மலிவு. உட்காரும் வாடிக்கையாளர் நிதானமாக வாங்குவார். வேலை செய்பவருக்கும் அந்த நாற்காலி உரியது. கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அரசு அறிவித்தது. தகரக் கூரையின் கீழ் நாள் முழுக்க நிற்கும் பெண்ணை உட்கார வைப்பது சட்டத்துக்காக மட்டும் செய்யும் காரியம் அல்ல. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வரும்போது அவரிடம் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

மழையின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. உள்மாவட்டங்களில் ஆவணி, புரட்டாசி மாதங்களின் மழை பெரும்பாலும் சாயங்காலத்து இடிமழை. பகல் சூட்டில் திரண்ட மேகம் ஐந்து மணிக்கு மேல் உடைகிறது. ஒரு மணி நேரமே பெய்தாலும் அன்றைய வியாபாரத்தின் சிறந்த ஒரு மணி நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்தபின் அது நாள் முழுக்கத் தூறுவதாகவும் விட்டுவிட்டு ஊற்றுவதாகவும் மாறுகிறது. இந்த இரண்டு மழையிலும் வாடிக்கையாளர் நடந்துகொள்ளும் விதம் வேறு. சாயங்கால மழையில் அவர் கடைவாசலில் ஒதுங்குகிறார், மழை விட்டதும் அவசரமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அடைமழையில் கிளம்புவதே இல்லை. ஒதுங்கி நிற்பவரை உள்ளே வரச் சொல்லி இடம் கொடுங்கள். அவர் அன்று எதுவும் வாங்காமல் போனாலும் அடுத்த முறை எங்கே ஏறுவது என்பதை நினைவில் வைத்திருப்பார்.

அடைமழை நாளில் வியாபாரம் எங்கே போகிறது என்பதைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். சுமார் 30 கிலோமீட்டரில் திருச்சி இருக்கிறது. நல்ல வானிலையில் விராலிமலைக் குடும்பம் ஒன்று தீபாவளித் துணி எடுக்க என்.எஸ்.பி. சாலைக்குப் பேருந்து ஏறிவிடும். அங்கே சாரதாஸ் போன்ற கடைகளின் குவியலோடு இங்குள்ள கடை எந்த நாளும் போட்டியிட முடியாது. மழை நாளில் அதே குடும்பம் குழந்தைகளோடு நனைந்து இரண்டு பேருந்து மாற யோசிக்கும். அந்தத் தயக்கம் உள்ளூர் ஜவுளிக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் வீட்டு உபயோகப் பொருள் கடைக்கும் வரவு. இதற்கு நேர்மாறாக, நீர்ப்பழனியிலிருந்தோ ஆவூரிலிருந்தோ வழக்கமாக இங்கே மளிகை வாங்க வருபவர், மழை நாளில் தன் ஊர்ப் பெட்டிக்கடையில் அரைக்கிலோ சர்க்கரையும் ஒரு சோப்பும் வாங்கிச் சமாளித்துக்கொள்கிறார். ஆக, அடைமழை மேலேயிருந்து ஒரு வகை வியாபாரத்தை இங்கே இறக்குகிறது, இங்கேயிருந்து இன்னொரு வகையைக் கீழே தள்ளுகிறது. துணிக்கடைக்காரரும் மளிகைக் கடைக்காரரும் ஒரே மழையைப் பார்த்து ஒரே மாதிரி வருந்துவதில் அர்த்தமில்லை. துணிக்கடைக்காரர் மழைக்காலத்தில்தான் சரக்கை நிரப்பி வைக்க வேண்டும். மளிகைக்காரர் தொலைபேசியில் பட்டியலை வாங்கிப் பொட்டலம் கட்டி வைத்து, மழை விட்ட இடைவெளியில் எடுத்துப் போகவோ ஊருக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் கொடுத்தனுப்பவோ வழி செய்ய வேண்டும். இந்த இரண்டு யோசனைகளையும் மாற்றிப் போட்டால் இரண்டு கடைக்கும் நட்டம்.

இதற்குள் வராத ஒரு பிரிவு உண்டு. வாரச்சந்தையில் தரையில் தார்ப்பாய் விரித்து விற்பவர்கள் அவர்கள். கீரையும் தக்காளியும் நாளை வரை காத்திருக்கா. சந்தைக்கு வாரம் ஒருமுறை வரும் கிராமத்துக் குடும்பமும் மறுநாள் திரும்பி வராது. ஆகவே வியாபாரம் தள்ளித்தான் போகிறது என்ற என் வாதம் இவர்களிடம் செல்லாது. சந்தை நாள் மழையில் அவர்களின் பணம் உண்மையிலேயே போய்விடுகிறது. கடன் வாங்கிச் சரக்கு எடுத்தவர் வட்டியையும் சேர்த்து இழக்கிறார். கூரையும் மேடையும் வடிகாலும் உள்ள சந்தை அவர்களுக்குத் தேவை. கட்டிடக் கடைக்காரர்கள் அதைத் தங்கள் சங்கக் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும். சந்தைக்குக் கூட்டம் வராத நாளில் அவர்கள் கடைக்கும் கூட்டம் வருவதில்லை. கேட்பதற்கு இந்தச் சொந்தக் காரணம் ஒன்றே போதும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். விராலிமலை முருகன் கோயில் ஊர். தைப்பூசத் தேர், வைகாசி விசாகத் தேர், சஷ்டி, ஜல்லிக்கட்டு, பொங்கல், தீபாவளி என்று நாள்காட்டிதான் இங்கே வியாபாரத்தை நடத்துகிறது, வானிலைக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். நாள்காட்டியின் பலம் பெரியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாள்கள் எந்த வானிலையில் விழுகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தைப்பூசம் மழை ஓய்ந்து பனி குறையும் காலத்தில் வருகிறது, கூட்டம் பகலெல்லாம் நிற்கும். வைகாசி விசாகம் கடும் வெயிலில் வருகிறது. மலையேறுபவர்கள் காலையிலேயே ஏறி இறங்கிவிடுவார்கள், பொம்மையும் வளையலும் பொரியும் விற்பது பொழுது சாய்ந்தபின். தீபாவளி பருவமழை தொடங்கும் காலத்தை ஒட்டி விழுகிறது. ஆனால் 2025-இல் அது அக்டோபர் 20, 2023-இல் நவம்பர் 12. இந்த மூன்று வார வித்தியாசத்தில் மழை தொடங்காத தீபாவளியும் உண்டு, வெள்ளத்தில் மாட்டிய தீபாவளியும் உண்டு. 2015-இல் நவம்பர் 10 தீபாவளி. அதற்கு முந்தைய நாள்தான் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரை கடந்து கடலூர் மாவட்டத்தை மூழ்கடித்தது. கடைசி வார விற்பனையை நம்பியிருந்த கடைகளுக்கு அதை ஈடுகட்ட மறுவாரம் கிடையாது. பண்டிகை முடிந்தபின் பட்டாசு யாருக்கு வேண்டும்? தள்ளிப்போகும் வியாபாரம் முடிவு நாளைத் தாண்டினால் அழிந்துபோகிறது. ஆகவே தீபாவளி நவம்பரில் விழும் ஆண்டுகளில், விலைக்குறைப்பைக் கடைசி வாரத்துக்கு வைக்காமல் மூன்று வாரம் முன்னதாகவே அறிவித்து, வாங்குபவரை வெயில் நாட்களுக்கு இழுத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு மறுப்பு கைபேசி வணிகம் பற்றியது. மழை நாளில் மக்கள் வீட்டிலிருந்தே வாங்கிவிடுவார்கள், அந்த வியாபாரம் திரும்பாது என்கிறார்கள். சென்னையிலோ கோவையிலோ பத்து நிமிடத்தில் பால் கொண்டு வரும் நிறுவனங்கள் இருக்கும் இடத்தில் இது பெருமளவு உண்மை. விராலிமலையில் கைபேசியில் கேட்ட பொருள் வந்து சேர நாள்கள் ஆகின்றன. அதைக் கொண்டு வருபவரும் அதே மழையில்தான் வண்டி ஓட்ட வேண்டும். அந்த வணிகம் இந்த ஊர்க் கடைகளை விலையால் தாக்குகிறது, வானிலையால் தாக்குவது குறைவு. அவசரத் தேவைக்கு மழை நாளில் நடந்து போகும் தூரத்திலுள்ள கடைதான் கை கொடுக்கும். இந்த அனுகூலம் கடை திறந்திருந்தால் மட்டுமே செல்லுபடியாகும். கூட்டம் வராது என்று சீக்கிரம் மூடிவிடுபவர் அதைத் தானாகவே கைவிடுகிறார்.

இதுவரை சொன்னது ஒரு நாளின் மழை. ஒரு பருவத்தின் மழை வேறு விதமாக வேலை செய்கிறது. காவிரிப் பாசனம் எட்டாத பகுதி இது. கண்மாயும் கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான் விவசாயத்துக்கு ஆதாரம். ஐப்பசியில் கடையைக் காலியாக்கும் அதே மழைதான் தை, மாசியில் நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் பணத்தைக் கொண்டு வருகிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டில் மழை இல்லாததால் கடைவீதி தினமும் நடமாட்டத்தோடு இருக்கும். வருபவர் கையில் பணம் இருக்காது, கடன் நோட்டுதான் நிரம்பும். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாவட்ட மழையளவைக் கவனித்து வாருங்கள். அது பெரிதும் குறைந்தால் தைக்கு வாங்கும் விலை உயர்ந்த சரக்கைக் குறைத்து, கடனுக்கு எல்லை கட்டுங்கள். இங்குள்ள சன்மார் வார்ப்பாலை, ஐ.டி.சி. ஆலை போன்றவற்றின் சம்பளம் மழையைப் பார்த்து வருவதில்லை. ஆலைத் தொழிலாளரை நம்பிய கடைக்கு வறட்சியின் அடி குறைவாக இருக்கும். அந்தக் கடை மழையோடு சேர்த்து ஷிப்ட் முடியும் நேரத்தையும் பார்க்க வேண்டும். ஷிப்ட் முடியும் நேரத்து மழை அவர்களை நேரே வீட்டுக்கு அனுப்பிவிடும். உங்கள் வாடிக்கையாளரில் எத்தனை பேர் நிலத்தை நம்பியவர்கள், எத்தனை பேர் மாதச் சம்பளக்காரர்கள் என்று தெரியாமல் மழைக்கணக்குப் போட முடியாது.

சரக்கு எடுக்கும்போது ஒரு மனப்பிசகுக்கு இடம் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் அஞ்சல் வழி வாங்கியவர்களை ஆராய்ந்து 2007-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, கடுங்குளிர் நாளில் குளிராடை வாங்கியவர்கள் பின்னர் அதைத் திருப்பி அனுப்பும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. இன்றைய குளிர் என்றைக்கும் இருக்கும் என்று மனம் நினைத்துவிடுகிறது. வாங்குபவருக்கு நேரும் இது கடைக்காரருக்கும் நேரும். கத்திரியின் உச்சத்தில் மொத்த வியாபாரியிடம் போய் ஏர்கூலரை அள்ளி வருபவர், ஜூன் மாதம் அதன்மேல் துணி போர்த்தி வைப்பார். காற்றாடியும் கூலரும் பிப்ரவரியில் வாங்கவேண்டிய சரக்கு. மே மாதம் இருப்பதை விற்றுத் தீர்க்க வேண்டிய மாதம். குடைக்கு ஆகஸ்டு.

வானிலை அறிவிப்பு பொய்த்துவிடுகிறதே, அதை நம்பிச் சரக்கு எடுப்பதா என்பார்கள். முழுக்க நம்ப வேண்டியதில்லை. சென்னை மண்டல வானிலை மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைத் தருகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அது கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை. ஆனால் எவ்வளவு நம்புவது என்பது பொருளைப் பொறுத்தது. ஒரு குடையை 200 ரூபாய்க்கு வாங்கி 260-க்கு விற்கிறீர்கள், விற்காமல் போனால் அடுத்த பருவம் வரை பணம் முடங்குவதில் 10 ரூபாய் நட்டம் என்று வைத்துக்கொள்வோம். அது விற்கும் வாய்ப்பு ஏழில் ஒன்றுக்கு மேல் இருந்தாலே வாங்கி வைப்பது இலாபம். 36 ரூபாய்க்கு வாங்கி 40-க்கு விற்கும் ரொட்டிப் பொட்டலம், விற்காவிட்டால் குப்பைக்குப் போகும். அதற்குப் பத்தில் ஒன்பது வாய்ப்பாவது வேண்டும். எனவே மஞ்சள் எச்சரிக்கை வந்ததும் குடை, தார்ப்பாய், கொசுவத்தி, மெழுகுவத்தி, பேட்டரி விளக்கு போன்ற கெடாத பொருள்களைத் தயங்காமல் சேர்க்கலாம். பால், ரொட்டி, காய்கறியை அன்றைய வானத்தைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். பூக்கடைக்காரருக்கு இது தனிப் பாடம். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்துச் சுருங்கி விலை பல மடங்கு ஏறும், அப்போது முழம் கணக்கில் முன்பணம் வாங்காமல் கல்யாண ஆர்டரை எடுக்கக் கூடாது.

புயல் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. 2004-இல் பிரான்சிஸ் புயலுக்கு முன் அமெரிக்காவின் வால்மார்ட் தன் பழைய விற்பனைப் பதிவைத் தோண்டிப் பார்த்தபோது, புயலுக்கு முன் டார்ச் விளக்கு மட்டுமின்றி, சமைக்காமல் தின்னும் ஸ்ட்ராபெரிப் பலகாரம் ஒன்றும் ஏழு மடங்கு விற்றிருந்தது தெரிந்தது. நம் பக்கம் அந்த இடத்தில் பன்னும் பிஸ்கட்டும் பால்பவுடரும் தீப்பெட்டியும் தண்ணீர் கேனும் இருக்கும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்து நம் புதுக்கோட்டை மாவட்டத்தை அறுத்துக்கொண்டு போனது. தீபாவளி முடிந்து பத்தே நாள், வீடுகளில் கைச்சரக்கும் காசும் குறைந்திருந்த நேரம். டெல்டாவிலும் புதுக்கோட்டையிலுமாக லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்களில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை. அன்றைவிட இன்று கடைகள் இன்னும் அதிகமாக மின்சாரத்தையும் செல்போன் கோபுரத்தையும் சார்ந்திருக்கின்றன. கோபுரம் செத்தால் க்யூஆர் அட்டை வெறும் தாள். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில்லறை நோட்டு ஒரு கட்டு, காகிதச் சிட்டை, பேட்டரி தராசு, பெயர் தெரிந்த வாடிக்கையாளருக்கான கைக்கணக்கு நோட்டு ஆகியவை கடையில் தயாராக இருக்க வேண்டும். அந்த நாட்களில் மெழுகுவத்தியை இரண்டு மடங்கு விலைக்கு விற்கலாம், வாங்கவும் ஆள் இருப்பார்கள். அந்த விலையை ஒரு தலைமுறை நினைவில் வைத்திருக்கும். அடக்கவிலையோடு வழக்கமான இலாபத்தை மட்டும் வைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பதே சரி.

இவற்றையெல்லாம் உங்கள் கடைக்குப் பொருத்திப் பார்க்க வழி எளிது. நாள் வரவு எழுதும் நோட்டில் இன்னும் மூன்று கட்டம் போடுங்கள்: வெயில், மேகம், தூறல், கனமழை இவற்றில் எது, அது எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, மின்தடை இருந்ததா. அடைமழை பெய்த நாளையும் அதற்கடுத்த மூன்று நாளையும் சேர்த்துக் கூட்டி, அதே கிழமைகளில் விழுந்த மழையில்லாத நான்கு நாள்களின் தொகையோடு ஒப்பிடுங்கள். சந்தை நாளைச் சந்தை நாளோடும், சம்பள வாரத்தைச் சம்பள வாரத்தோடும் மட்டும் ஒப்பிட வேண்டும். முகூர்த்த நாள்களையும் திருவிழா நாள்களையும் தனியே எடுத்துவிடுங்கள். இரண்டு தொகையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உங்கள் வியாபாரம் தள்ளித்தான் போகிறது, மழைக்காக எதையும் மாற்ற வேண்டாம், மூன்றாம் நாளுக்கு ஆள் கூடுதலாக வைத்தால் போதும். மழைத் தொகை குறைந்தால் எந்தப் பொருளில் குறைந்தது என்று பாருங்கள், அதைத்தான் கிராமத்துக் கடை எடுத்துக்கொண்டிருக்கிறது. கூடியிருந்தால் திருச்சிக்குப் போகவிருந்தவர்கள் உங்களிடம் வந்திருக்கிறார்கள், அவர்கள் கேட்டு இல்லை என்று சொன்ன பொருள்களின் பெயரை அதே பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். ஒரு பருவமழைக்கால ஏடு முடிந்ததும் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சரக்கு எடுக்கப் போகும்போது அந்த ஓரக்குறிப்புகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.